ஊசி முதலிலா, கடைசியிலா?

சர்க்கரை நோய் என்று தெரிந்த முதல் நாளே இன்சுலினை எழுதித் தரும் மருத்துவரை நம் வீடுகளில் யாரும் கைராசிக்காரர் என்று சொல்வதில்லை. மாத்திரையில் தொடங்கி, அதன் அளவைக் கூட்டி, அதோடு இன்னொன்றைச் சேர்த்து, ஊசியை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போடுகிறாரோ அவ்வளவு நல்ல மருத்துவர் என்று அவருக்குப் பெயர். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், நாற்பத்து நான்காம் வயதில், இந்த நோய் இருப்பது தெரிந்தது. சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தன. இரவில் பல முறை எழுந்து போய்க்கொண்டிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 290, கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 11.6. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையோடு இன்சுலினையும் எழுதிவிட்டு, "இப்பவே சில வாரம் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கிட்டோம்னா, பதினஞ்சு வருசம் கழிச்சு உங்க கண்ணுக்கும் கிட்னிக்கும் அது உதவும். சர்க்கரை அடங்கினதும் ஊசியை நிறுத்திக்கலாம்" என்றார். உடன் போயிருந்த எனக்கு அந்தப் பேச்சு மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. இன்று வயிற்றில் போடும் ஊசிக்கும் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கெடப்போகும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? அவ்வளவு காலம் காத்திருந்து யாராவது பார்த்திருக்கிறார்களா, அல்லது நோயாளியைச் சம்மதிக்க வைப்பதற்காகச் சொல்லப்பட்ட ஆறுதலா அது?

அன்று மாலை மாமா வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. அத்தை மருந்துச் சீட்டைக் கையிலேயே வாங்கவில்லை. "ஏனுங்க, ஊசின்னு ஒருக்கா ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாதுங்க. எங்கப்பாவுக்கு ஊசி போட ஆரம்பிச்ச ஆறே மாசத்துல காலை எடுத்தாங்க" என்றார். அத்தையின் பேச்சை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். கண்ட வரிசையும் சரிதான். அவருடைய தந்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஓடியது, பாதத்தில் உணர்ச்சி போனது, புண் வந்தது, அது அழுகியது, அப்போதுதான் இன்சுலின் வந்தது, அதன் பிறகு அறுவை நடந்தது. முதலிலிருந்து நடந்துவந்த சேதத்தின் பழி கடைசியில் வந்த மருந்தின் மேல் விழுந்தது. நம் ஊரில் பல குடும்பங்களுக்கு இன்சுலினைப் பற்றித் தெரிந்திருப்பது இந்த வரிசைதான். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, எதுவும் கைகொடுக்காத நிலையில் அதைக் கையில் எடுத்தால், அது சாவுக்கு முன்னால் வரும் மருந்தாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

ஆகவே மருத்துவர் சொன்னதை நானே படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவர் சொன்னதில் மூன்று செய்திகள் இருந்தன: சர்க்கரையை விரைவாக இறக்க வேண்டும், அதன் பலன் பல ஆண்டுகள் கழித்துத் தெரியும், ஊசியை நிறுத்திவிட முடியும். மூன்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை என்பதும், அவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு நான் நினைத்ததைவிட மெல்லியது என்பதும் போகப் போகத்தான் புரிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய காத்திருப்பு

சர்க்கரையைக் குறைத்தால் நல்லது என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத உண்மை. 1970-களில் அது அவ்வளவு உறுதியாக இல்லை. 1970-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, டால்பியூட்டமைடு என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடையே இதயநோய்ச் சாவுகள் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அதைப் படித்த பல மருத்துவர்களுக்கு, இரத்தத்தில் உள்ள ஓர் எண்ணைக் குறைப்பதற்காக நோயாளியை ஆபத்தில் தள்ளுகிறோமோ என்ற ஐயம் வந்தது. அந்த ஐயத்தின் நடுவில்தான், 1977-இல், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் டர்னர் யூ.கே.பி.டி.எஸ். என்று பின்னர் உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஆய்வைத் தொடங்கினார். பிரிட்டனில் 23 மையங்களில், 1991 வரை, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரை அதில் சேர்த்தார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் சொன்னார்கள். தொந்தரவு இல்லாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரை 270-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது அங்கே இலக்கு. அந்தக் கால வழக்கம் அதுதான். மற்றப் பிரிவினருக்கு சல்ஃபோனைல்யூரியா மாத்திரை அல்லது இன்சுலின் ஊசி கொடுத்து, அதே அளவை 108-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள்.

முடிவுகள் 1998 செப்டம்பரில் வந்தன. பத்து ஆண்டுகளில் எச்பிஏ1சி மாத்திரை, ஊசிப் பிரிவில் 7.0, உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 7.9 என்று நின்றது. ஒரு புள்ளிகூட முழுதாக இல்லாத அந்த இடைவெளிக்கு, கண், சிறுநீரகம் முதலிய நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்திருந்தன. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்தது. ஆனால் அது தற்செயலாக இருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளியியல் கணக்கு மயிரிழையில் விட்டுவைத்தது. டர்னர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஆய்வை அவரோடு சேர்ந்து நடத்திய ரூரி ஹோல்மன் அதன் பிறகும் விடவில்லை. ஆய்வு முடிந்துவிட்டது, இனி யார் எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை, எல்லோரும் தத்தம் மருத்துவர்களிடம் திரும்பிப் போனார்கள். ஆனால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பின்தொடர்ந்துகொண்டே இருந்தார்கள்.

என் கேள்விக்கு விடை அந்தப் பின்தொடர்தலில்தான் இருந்தது. ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரண்டு பிரிவினருக்கும் எச்பிஏ1சி ஒன்றாகிவிட்டது. கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கும் தளர்வாக இருந்தவர்களுக்கும் சர்க்கரை அளவில் வேறுபாடே இல்லை. இயல்பாக என்ன எதிர்பார்ப்போம்? வேறுபாடு போனதும் பலனும் போய்விடும் என்றுதானே? 2008-இல் வெளியான பத்தாண்டுப் பின்தொடர்தல் வேறு கதை சொன்னது. நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்பில் 24 சதவீதக் குறைவு அப்படியே நின்றது. 1998-இல் ஐயத்துக்கிடமாக இருந்த மாரடைப்புக் கணக்கு இப்போது 15 சதவீதக் குறைவாக உறுதிப்பட்டது. எந்தக் காரணத்தாலும் நேரும் சாவு 13 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்து 24 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த கணக்கை 2024-இல் வெளியிட்டார்கள். அப்போதும், தொடக்கத்தில் ஊசியாலோ மாத்திரையாலோ கட்டுப்பாடாக வைக்கப்பட்டவர்களில் சாவு 10 சதவீதமும் மாரடைப்பு 17 சதவீதமும் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்பு 26 சதவீதமும் குறைவாகவே இருந்தன. தங்கள் ஐம்பதுகளில் எடுத்துக்கொண்ட மருத்துவம் எண்பதுகளில் அவர்களைக் காத்து நின்றது. நாமக்கல் மருத்துவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே காத்திருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பு இதை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்பது இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. அதிகச் சர்க்கரையில் ஊறிய புரதங்கள், குறிப்பாக இரத்தக்குழாய்ச் சுவர்களில் உள்ள கொல்லாஜன் போன்ற நெடுநாள் வாழும் புரதங்கள், சர்க்கரையோடு பிணைந்து இறுகிவிடுகின்றன. சர்க்கரை இறங்கிய பிறகும் அந்தப் பிணைப்பு அவிழ்வதில்லை. இன்னொரு விளக்கம் என்னை அதிகம் பாதித்தது. மெல்போர்னில் செய்த ஓர் ஆய்வகச் சோதனையில், இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை 16 மணி நேரம் அதிகச் சர்க்கரையில் வைத்துவிட்டு, பிறகு இயல்பான சர்க்கரைக்கு மாற்றினார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின் மேல் படிந்த வேதியியல் குறிகள், இயல்பான சர்க்கரையில் ஆறு நாட்கள் கழிந்த பிறகும் மாறாமல் இருந்தன. நோய் தெரியாமலே பல ஆண்டுகள் சர்க்கரையில் ஊறியிருக்கும் ஒரு மனிதரின் இரத்தக்குழாய்களை நினைத்துப் பார்த்தேன். சென்னையில் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வு ஒன்றில், நோய் இருப்பதே அப்போதுதான் தெரிந்தவர்களில் 5.1 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. முதல் நாள் என்று நாம் நினைப்பது உடம்புக்கு முதல் நாள் அல்ல.

அதே 2008-இல் வந்த மறுப்பு

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என் கேள்வி நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அதே ஆண்டில்தான், அதுவும் சில மாதங்களுக்கு முன், நேர் எதிரான ஒரு செய்தி வந்திருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு என்ற ஆய்வில் 10,251 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவருவது என்று இன்சுலின் உட்பட எல்லா மருந்துகளையும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். தீவிரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்திருந்ததால், 2008 பிப்ரவரியில் அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சர்க்கரையைக் குறைக்கப் போய் ஆட்களை இழந்தோம் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. 1970-இன் ஐயம் புது உருவில் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதில் நான் நெடுநாள் சிக்கிக்கொண்டேன். விடை, ஆய்வில் சேர்ந்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. அக்கார்டில் இருந்தவர்களின் சராசரி வயது 62. நோய் வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பலருக்கு இதயநோய் ஏற்கெனவே வந்திருந்தது. யூ.கே.பி.டி.எஸ். எடுத்துக்கொண்டது நோயின் வாசற்படியில் நின்றவர்களை. குழாய்கள் அடைபட்ட பிறகு, சர்க்கரையைச் சில மாதங்களுக்குள் தரைமட்டத்துக்கு இறக்க முயல்வது வேறு வேலை. அடைபடத் தொடங்கும் முன் அதை அடக்கி வைப்பது வேறு வேலை. அதே மருந்தும் அதே ஊசியும் காலம் மாறினால் பலன் மாறிவிடுகின்றன. அத்தையின் தந்தைக்கு இன்சுலின் தரப்பட்ட காலமும் என் மாமாவுக்கு அது எழுதப்பட்ட காலமும் ஒன்றல்ல. இந்த ஒரு வேறுபாட்டை அன்று கூடத்தில் யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், அத்தை வேறுமாதிரிக் கேட்டிருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஊசியின் பலனா, சர்க்கரை இறங்கியதன் பலனா?

ஊசியை நிறுத்திவிடலாம் என்ற மூன்றாவது செய்திக்கான ஆதாரம் சீனாவில் இருந்து வந்தது. அதுவும் 2008-இல்தான். குவாங்சோவின் ஜியான்பிங் வெங் குழுவினர் ஒன்பது மையங்களில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 382 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, உடம்போடு இணைத்து இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் இன்சுலின் பம்ப், ஒரு பிரிவுக்குத் தினமும் பல முறை இன்சுலின் ஊசி, ஒரு பிரிவுக்கு மாத்திரை. சர்க்கரை இயல்புக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே நின்றதும் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, உணவும் உடற்பயிற்சியும் மட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். ஓராண்டு கழித்து, எந்த மருந்தும் இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் பம்ப் பிரிவில் 51.1 சதவீதம், ஊசிப் பிரிவில் 44.9 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 26.7 சதவீதம். விட முடியாது என்று நாம் அஞ்சும் ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டு கழித்து மாத்திரைகூட இல்லாமல் இருந்தார்கள்.

இதற்குக் காரணம், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் எல்லாம் நோய் தெரியும் நாளில் செத்துவிடுவதில்லை. அளவுக்கு மீறிய சர்க்கரையே அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. சுரக்கும் இன்சுலின் குறைவதால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. ஏறிய சர்க்கரை மேலும் அழுத்துகிறது. களைத்த மாட்டை நுகத்திலிருந்து சில நாட்கள் அவிழ்த்துவிட்டால் அது மறுபடி எழுந்து உழுவதுபோல, வெளியிலிருந்து கொடுக்கும் இன்சுலின் சுமையைத் தாங்கிக்கொள்ளும் அந்தச் சில வாரங்களில் ஒரு பகுதிச் செல்கள் மீண்டுவிடுகின்றன. நோய் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகு மீட்பதற்கு அவ்வளவு செல்கள் மிஞ்சியிருப்பதில்லை. ஆனால் இந்த மீட்சி நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் கணக்கில், மூன்றாம் மாதம் 66 சதவீதமாக இருந்த மருந்தில்லா நிலை இரண்டாம் ஆண்டு முடிவில் 42 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இங்கேதான் நான் முன்பு சொன்ன மெல்லிய கயிறு. சீன ஆய்வு ஓராண்டோடு நின்றது; அது கண்ணையும் சிறுநீரகத்தையும் எண்ணவில்லை. யூ.கே.பி.டி.எஸ். கண்ணையும் சிறுநீரகத்தையும் எண்ணியது. ஆனால் அங்கே ஊசி போட்டவர்களுக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜப்பானின் குமமோட்டோ ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 110 பேர் மட்டுமே கொண்ட அந்தச் சிறிய ஆய்வில் இரண்டு பிரிவினருமே இன்சுலின்தான் போட்டுக்கொண்டார்கள். தினமும் பல முறை போட்டுச் சர்க்கரையை இறுக்கமாக வைத்தவர்களின் எச்பிஏ1சி 7.1, ஒன்றிரண்டு முறை போட்டவர்களுக்கு 9.4. தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களில், ஆறு ஆண்டுகளில் அது வந்தவர்கள் முதல் பிரிவில் 7.7 சதவீதம், இரண்டாம் பிரிவில் 32 சதவீதம். இரண்டு பிரிவிலும் இன்சுலின் இருந்தும் இவ்வளவு வேறுபாடு என்றால், காப்பாற்றியது சர்க்கரையின் அளவு. ஊசி அதற்கான வழி. நோயின் தொடக்க நிலையில் இருந்த 12,537 பேருக்கு நடந்த ஒரிஜின் ஆய்வும் 2012-இல் இதையேதான் வேறுவிதமாகச் சொன்னது. பெரிதாகச் சர்க்கரை ஏறாதவர்களுக்குத் தினமும் கிளார்ஜின் இன்சுலின் கொடுத்ததால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை, கூடவும் இல்லை; தாழ்சர்க்கரையும் (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது) கொஞ்சம் எடையும்தான் கூடின.

ஆகவே எல்லோருக்கும் முதல் நாளே ஊசி என்று நான் வாதிட வரவில்லை. எச்பிஏ1சி 7.5 என்று தெரியவரும் ஒருவர் நடந்து, உண்பதைக் குறைத்து, மெட்ஃபார்மினோடு தொடங்கினால் போதும். எடை மிகுந்தவர் அந்த எடையைக் குறைத்தே நோயைப் பின்வாங்க வைக்கலாம் என்று ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் நேரடியாகக் காக்கும் புதிய மருந்துகளும் இப்போது உள்ளன. ஆனால் எச்பிஏ1சி 10-க்கு மேல், அல்லது சர்க்கரை 300-ஐத் தொட்டு, உடம்பு இளைத்து வந்து நிற்பவருக்கு இன்சுலினைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. நம் ஊரில் அப்படி வந்து நிற்பவர்கள் குறைவு அல்ல. ஐரோப்பியர்களைவிடப் பத்து ஆண்டுகள் முன்னதாக, அவ்வளவு பருமன் இல்லாமலே, இந்த நோய் தெற்காசியர்களைப் பிடிக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் பிடித்தால் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அதோடு வாழ வேண்டும். தொடக்கத்தில் விட்ட ஓராண்டுக்கு அவர்கள் செலுத்தப்போகும் வட்டிக்காலம் அவ்வளவு நீளம்.

சிவப்பு மூடியும் மருந்துச் சீட்டும்

மாமா ஊசிக்குச் சம்மதித்ததற்கு இந்த ஆய்வுகள் எதுவும் காரணம் அல்ல. மருத்துவர் சீட்டின் கீழே "4 வாரம். பிறகு குறைக்கலாமா என்று பார்ப்போம்" என்று எழுதியிருந்தார். மாமா அதை அத்தையிடம் காட்டி, "நாலு வாரம்னுதான் போட்டிருக்கு, பாரு" என்றார். அத்தைக்கு அதன் பிறகு பேச்சு இல்லை. என் கணிப்பில், தொடக்க கால இன்சுலின் நம் ஊரில் வேரூன்றுவதற்கு வேண்டியது அந்த ஒற்றை வரிதான். கூட்டம் நிரம்பி வழியும் வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குப் பேச நேரம் இருக்காது, எழுதுவதற்கு இருக்கும். முடிவு தேதி இல்லாத ஊசியை ஆயுள் தண்டனையாக நினைப்பதில் நோயாளியின் பிழை எதுவும் இல்லை.

ஆனால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. மாமாவுக்கு வீட்டில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. மாமா வாங்கியது குப்பி மருந்து. பால்போல் கலங்கிய அந்த இன்சுலினைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அடியில் படிந்தது கரையும் வரை உருட்ட வேண்டும் என்று செவிலியர் செய்து காட்டினார். நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. ஒரு மில்லியில் 100 யூனிட் மருந்தும் கடைகளில் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் இந்த 100 யூனிட் வகை மருந்தை 20 என்ற கோடு வரை இழுத்தால் 20 யூனிட் என்றுதான் தோன்றும். உள்ளே இருப்பது 50 யூனிட். அந்த ஒரு மாற்றம் ஒரு மனிதரை நினைவிழக்கச் செய்துவிடும். மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் எதை எடுத்துக் கொடுக்கிறார் என்று வாங்குபவர் பார்த்தே தீர வேண்டும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தச் சிகிச்சை வேலை செய்யும்போதுதான் அதன் ஆபத்து தொடங்குகிறது. முதல் வாரத்தில் மாமாவுக்குச் சரியாக இருந்த அளவு, கணையம் விழித்துக்கொண்ட மூன்றாம் வாரத்தில் கூடுதலாகிவிட்டது. ஒரு நாள் காலையில் லோடு கணக்கு முடியவில்லை என்று டிபனைத் தள்ளிப்போட்டவருக்கு, பதினோரு மணி அளவில் ஆபீஸ் மேசையிலேயே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, எதிரில் நின்ற டிரைவரின் பெயர் மறந்துபோயிற்று. சர்க்கரை மானியில் 58. டீக்கடைக்காரர் மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். யூ.கே.பி.டி.எஸ். ஆய்விலேயே, இன்சுலின் போட்டவர்களில் ஆண்டுக்கு 1.8 சதவீதம் பேருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை வந்தது. உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 0.7 சதவீதம். எடையும் சராசரியாக நான்கு கிலோ கூடியது. அன்றே தொலைபேசியில் கேட்டு அளவைக் குறைத்தோம். அடுத்தடுத்த வாரங்களில் மேலும் குறைத்து, இரண்டு மாதங்களுக்குள் ஊசி நின்றுவிட்டது. அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்றும், வீட்டில் ஒரு மானியும், அதற்குப் போதுமான சோதனை ஸ்டிரிப்பும் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சையைத் தொடங்குவது சரியல்ல என்றே நினைக்கிறேன். ஸ்டிரிப்பின் விலை பல குடும்பங்களுக்கு மருந்தின் விலையைவிடப் பெரிய தடை.

மாமா இப்போது மாத்திரையோடு இருக்கிறார். எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி ஓடுகிறது. இன்னும் சில ஆண்டுகளில் மறுபடி ஊசி தேவைப்படலாம். அது அவருக்கும் தெரியும். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த இரண்டு மாதங்கள் என்ன செய்திருக்கின்றன என்பதை ஒரு மனிதரை வைத்துச் சொல்ல முடியாது. ஊசி போடாத இன்னொரு மாமா நம்மிடம் இல்லை.

பெரியம்மாவின் கேள்வி

இவற்றையெல்லாம் குடும்பத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரையோடு இருக்கும் பெரியம்மா, "அப்ப எனக்கெல்லாம் காலம் போயிருச்சுன்னு சொல்றியா, கண்ணு?" என்று கேட்டார். தொடக்கத்தின் அருமையைப் பேசும் எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால், இந்தியாவில் நோய் இருப்பதாக நாடு தழுவிய ஓர் ஆய்வு கணக்கிட்ட 10.1 கோடிப் பேரில் பெரும்பாலோர் பெரியம்மாவைப் போலத் தொடக்கத்தைத் தாண்டி வந்தவர்கள். அதே ஆய்வின் இன்னொரு கணக்கில், நோய் இருப்பது தெரிந்தவர்களில் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருப்பவர்கள் 36.3 சதவீதம், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் சேர்ந்து கட்டுக்குள் இருப்பவர்கள் வெறும் 7.7 சதவீதம்.

அந்தக் கடைசி எண்ணில்தான் பெரியம்மாவுக்கான பதில் இருக்கிறது. டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்ற ஆய்வில் 160 பேர். எல்லோருக்கும் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தது, அதாவது சேதம் ஏற்கெனவே தொடங்கியவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையை மட்டும் துரத்தாமல் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, உணவு என்று எல்லாவற்றையும் எட்டு ஆண்டுகள் சேர்த்துப் பிடித்தார்கள். 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அக்கார்டு காட்டிய எச்சரிக்கையையும் சொன்னேன்: எச்பிஏ1சியை 6-க்கு இறக்கச் சொல்லி அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, 7-க்கும் 8-க்கும் நடுவில் தாழ்சர்க்கரை இல்லாமல் இருந்தால் அவர் வயதுக்கு நல்லது என்று அவருடைய மருத்துவரே சொல்லியிருக்கிறார். இரத்த அழுத்த மாத்திரையை, தலை சுற்றினால் மட்டும் போட்டுக்கொள்வது என்று அவர் வைத்திருந்த வழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்து, சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனை. இத்தனை ஆண்டுகளில் அவர் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை. இருவரும் போய் அதற்குக் கொடுத்துவிட்டு, விழித்திரையைப் படம் எடுக்க அடுத்த புதன்கிழமைக்குப் பெயர் பதிந்து வந்தோம்.